எனக்குப் பரிமாறாத நத்தை

கானாவின் தலைநகர் அக்ராவில் இரண்டு வருடம் இருந்தேன். கணக்கு எழுதும் வேலை. அந்த நாட்களைப் பற்றி யாராவது கேட்டால் எடுத்துவிடுவதற்கென்று சில கதைகள் கைவசம் உண்டு. மலேரியா வந்து ஒரு வாரம் சுருண்டு கிடந்தது, நாள்கணக்கில் கரண்ட் போவதற்கு அந்த ஊரில் ‘தும்சோர்’ என்று தனிப் பெயரே வைத்திருப்பது, ட்ரோட்ரோ வண்டியில் நடத்துனர் பையன் பாதி உடம்பு வெளியே தொங்கியபடி ஊர்ப் பெயரைக் கூவுவது. இதையெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். யாரிடமும் சொல்லாமல் எனக்குள்ளேயே அரைத்துக்கொண்டிருப்பது ஒரு மதியச் சாப்பாடு.

என்னோடு வேலை பார்த்த, ஃபான்டே இனத்தைச் சேர்ந்த ஒரு நண்பர், கேப் கோஸ்ட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்த தன் அம்மா வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை அழைத்துப் போனார். கனேஷி நிலையத்தில் வண்டி பிடித்தால் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். நடுவில் முற்றம் விட்டுச் சுற்றிலும் அறைகள் கட்டிய வீடு. போனதும் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்த பிறகுதான் வந்த காரியம் என்ன என்று முறைப்படி கேட்பார்கள். அதற்கு முறைப்படி ஒரு பதில் சொல்ல வேண்டும். நண்பர் எனக்காகச் சொன்னார். தெருப் பிள்ளைகள் ‘ஒபுரோனி, ஒபுரோனி’ என்று கத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். வெள்ளைக்காரனுக்கான சொல் அது. என் நிறத்துக்கும் அதே சொல்தான் என்பது முதல் மாதத்திலேயே பழகிவிட்டது. அவருடைய அம்மா என்னைப் பார்த்து நீளமாக ஏதோ கேட்டார். நண்பர் சுருக்கமாக ஏதோ சொன்னார். அவ்வளவுதான், முற்றத்தில் இருந்த பெண்கள் எல்லோரும் என்னை ஒரு மாதிரி இரக்கத்தோடு பார்த்தார்கள். “அம்மா என்ன கேட்கிறார்?” என்றேன். “நல்வரவு என்கிறார்” என்றார் நண்பர்.

சாப்பாடு வந்தது. அவர்களுக்கு உரலில் இடித்த ஃபுஃபு, அதைச் சுற்றிலும் சிவக்கச் சிவக்க எண்ணெய்ப் பனம்பழச் சாறில் வைத்த குழம்பு, குழம்புக்குள் பெரிய பெரிய காட்டு நத்தைகள். எனக்கு மட்டும் தனித் தட்டில் வறுத்த வாழைப்பழமும் பயறும். விருந்தாளிக்கு இதுதான் மரியாதை போலிருக்கிறது என்று நினைத்துச் சாப்பிட்டேன். கண் மட்டும் பக்கத்துத் தட்டிலேயே இருந்தது. நான் டெல்டாக்காரன். மழைக்குப் பிறகு வயல் வரப்பில் பொறுக்கிய நத்தையை அவித்து, ஊசியால் குத்தி எடுத்து, மிளகு போட்டு அம்மா வறுத்துத் தருவதைத் தின்று வளர்ந்தவன். டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகு அதை வெளியே சொல்லக் கூடாது என்று நானாகவே தெரிந்துகொண்டேன். அது வேறு கதை. அன்றைக்கு அந்த முற்றத்தில் நாக்கில் எச்சில் ஊறியபடி பயறைத் தின்றுகொண்டிருந்தேன் என்பதுதான் விஷயம்.

ஒரு வருடம் கழித்து, பள்ளி ஆசிரியையாக இருந்த அவருடைய தங்கை அக்ராவுக்கு வந்தபோது பேச்சுவாக்கில் உண்மை வெளியே வந்தது. அம்மா அன்று கேட்டது, “உன் சிநேகிதனுக்காகத்தான் நத்தை வாங்கினேன், அவனுக்கு முதலில் வைக்கட்டுமா?” என்பதாம். நண்பர் சொன்ன பதில், “அவனுடைய சாமி உயிருள்ள எதையும் தின்ன விடாது.” இந்தியன் என்றால் சைவம் என்று அவராகவே முடிவு கட்டியிருக்கிறார். எனக்குத் தர்மசங்கடம் வரக் கூடாது, அம்மாவும் அவமானப்படக் கூடாது. இரண்டு பக்கமும் நல்லெண்ணம்தான். “அம்மாவுக்கு அன்றைக்கு முழுக்க வருத்தம்” என்றார் தங்கை. அப்புறம் சிரித்துக்கொண்டே, “நத்தையை வைத்து எங்களிடம் ஒரு நாடகமே இருக்கிறது, படித்ததில்லையா?” என்று கேட்டார். அடுத்த வாரம் ஒரு பழைய புத்தகத்தை நண்பர் மூலமாகவே கொடுத்தனுப்பினார். கானா எழுத்தாளர் அமா அட்டா அய்டூவின் இரண்டு நாடகங்கள் ஒன்றாகக் கட்டிய தொகுப்பு. அதில் முதலாவது, ‘ஓர் ஆவியின் திண்டாட்டம்’ என்று தமிழில் சொல்லலாம்.

கானா பிறந்து ஏழு வருடம்

1964 மார்ச்சில் அக்ராவின் லேகோன் பல்கலைக்கழகத்து மாணவர்கள் மேடையேற்றிய நாடகம் அது. எழுதியவரும் மாணவிதான், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். 1957இல் விடுதலையான நாடு. ஊரெல்லாம் ஆப்பிரிக்க ஒற்றுமைப் பேச்சு. அமெரிக்கக் கறுப்பர்கள் பலர் தாய்மண்ணைத் தேடி அக்ராவுக்கு வந்துகொண்டிருந்தார்கள். கறுப்பினச் சிந்தனையாளர் டூ பாய்ஸ் 1961இல் வந்து, 1963 ஆகஸ்டில் அங்கேயே கண்மூடினார். எழுத்தாளர் மாயா ஏஞ்சலோ அப்போது அந்த ஊரில்தான் இருந்தார். இந்தக் கொண்டாட்டத்துக்கு நடுவில் ஒரு மாணவி எழுதிய கதையைப் பாருங்கள்: அமெரிக்காவில் படித்துவிட்டு வரும் அட்டோ யாசன் என்ற பையன், யுலாலி ரஷ் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு வருகிறான். வீட்டில் யாருக்கும் தெரியாது. வந்து நின்ற பிறகுதான் சொல்கிறான்.

அட்டோ என்ற பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். ஃபான்டே மக்களிடம் பிறந்த கிழமைதான் பெயர். அட்டோ சனிக்கிழமைப் பையன். அமா என்றாலும் சனிக்கிழமைப் பெண்தான். தன் கிழமையையே அந்தப் பையனுக்கும் கொடுத்திருக்கிறார் ஆசிரியர். தெரிந்து செய்தாரோ என்னவோ, எனக்கு அது பிடித்திருந்தது. அட்டோவின் அம்மா எசி கோம், ஞாயிற்றுக்கிழமைக்காரி. அவனைப் படிக்கவைக்க வாங்கிய கடன் இன்னும் தீரவில்லை. வீட்டோடு ஒட்டி அவனுக்கென்று புதிதாக ஒரு பகுதி கட்டி வைத்திருக்கிறார்கள். மருமகள் பெயரைச் சொல்ல முயன்று நாக்கு புரளாமல் ‘ஹுரேரே’ என்கிறார்கள். எந்தக் குலம் என்று கேட்கிறார்கள். குலம் கிடையாது, அவளுடைய முன்னோர்கள் இங்கிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் என்று அவன் விளக்கப் போக, பாட்டி தலையில் கைவைத்துக்கொள்கிறாள். பேரன் அடிமை வம்சத்தைக் கூட்டி வந்துவிட்டான்.

அப்புறம் நத்தை. மகன் குடும்பத்துக்கென்று எசி கோம் தூக்கி வந்த சாமான்களில் நத்தையும் இருக்கிறது. யுலாலிக்கு அது அருவருப்பான ஜந்து, தூக்கி எறிந்துவிடுகிறாள். மாமியாருக்கு அது தெரிந்துவிடுகிறது. இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு நாடகம் மறந்துபோய் அந்த முற்றம்தான் கண்ணுக்குள் வந்தது. அந்த ஊர்க் காட்டு நத்தை கைக்கு அடங்காத அளவு பெரியது. ஓட்டை உடைத்து, எலுமிச்சை போட்டுத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பைக் கழுவ வேண்டும். ஒருவர் நமக்காக நத்தை சமைத்திருக்கிறார் என்றால் அதில் அரை நாள் வேலை இருக்கிறது.

பெரிய சண்டை குழந்தையைப் பற்றியது. வருடம் ஒன்றாகியும் வயிறு நிறையவில்லை. அந்த வீட்டு முற்றத்து வழியாகப் போகிற இரண்டு பெண்கள் இதைப் பேசிக்கொண்டே போவார்கள்: ஒருத்திக்குக் குழந்தையே இல்லை, இன்னொருத்திக்கு வீடு நிறையக் குழந்தை, இருவருக்கும் புலம்பல் தீரவில்லை. மாமன்களும் அத்தைகளும் கூடி வந்து, மூலிகைச் சாறு கொண்டு மருமகளின் வயிற்றைக் கழுவி, மூத்தோருக்கு மது ஊற்றி வேண்டிக்கொள்ளலாம் என்கிறார்கள். நிஜம் என்னவென்றால் அவர்கள் குழந்தையைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். இப்போது வேண்டாம் என்று அமெரிக்காவிலேயே முதலில் சொன்னவன் அட்டோதான். அவள் ஆசையாகக் குழந்தையைப் பற்றிப் பேச்செடுத்தபோது, நீ என்னைவிட வேறு யாரையாவது அதிகம் நேசித்தால் தாங்க மாட்டேன், அது என் குழந்தையாகவே இருந்தாலும் என்ற தோரணையில் கொஞ்சினவன் அவன். அந்தப் பேச்சு, நாடகம் தொடங்குகிற முன்காட்சியிலேயே இருக்கிறது. இத்தனை பேர் மூலிகையோடு வந்து உட்கார்ந்திருக்கும்போது அவன் வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சொல்லவில்லை. மலடி என்ற பட்டம் அவள் தலையில் ஏறுகிறது. அது ஏறுவதும் அவளுக்குச் சரியாகத் தெரியாது. அவளுக்கு ஃபான்டே தெரியாது.

ஒட்டிக்கொண்ட ஒரு சீட்டு

மேற்கு ஆப்பிரிக்க நாடகங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் உடனே ஒரு சீட்டை எடுத்து ஒட்டிவிடுவார்கள்: மரபுக்கும் நவீனத்துக்கும் மோதல். நானும் ஒட்டியவன்தான். ஊர் திரும்பிய புதிதில் நண்பர்கள் கூடும் ஒரு வாசிப்பு வட்டத்தில் இந்த நாடகத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மாமியார் மரபு, மருமகள் நவீனம், நடுவில் நசுங்கும் பையன் என்று அழகாக முக்கோணம் போட்டுப் பேசி முடித்தேன். கைதட்டினார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு பெரியம்மா மட்டும், “அது சரி தம்பி, அவங்க கிட்ட யாருமே விஷயத்தச் சொல்லலியே, அவங்க எப்படி மோதுவாங்க?” என்று கேட்டார். நான் ஏதோ சமாளித்தேன். வீட்டுக்கு வந்து தூக்கம் வரவில்லை.

யோசித்தால் இந்தச் சீட்டை அந்த நாடகக்காரர்களே கிழித்துப் போட்டிருக்கிறார்கள். ‘மரணமும் மன்னனின் குதிரைவீரனும்’ என்ற நாடகத்துக்கு 1975இல் நைஜீரிய நாடகாசிரியர் சொயிங்கா எழுதிய முன்குறிப்பு கிட்டத்தட்ட ஒரு திட்டு. இதைக் கலாச்சார மோதல் என்று சொல்லி மேடையேற்றாதீர்கள் என்று இயக்குநர்களை எச்சரிக்கிறார். அதில் இங்கிலாந்துக்குப் போய் மருத்துவம் படித்துத் திரும்பும் மகன் ஒலுண்டேதான், இறந்த மன்னனைப் பின்தொடர்ந்து சாக வேண்டியிருந்தும் தயங்கிய அப்பாவுக்குப் பதிலாகத் தன் உயிரைக் கொடுக்கிறான். படித்தவன் நவீனம், படிக்காதவன் மரபு என்ற கணக்கு அங்கே உடைந்துபோகிறது. சொயிங்காவே 1959இல் இபாதானில் மேடையேற்றிய ‘சிங்கமும் மணியும்’ நாடகத்தில் பள்ளி வாத்தியார் லகுன்லே பெண்ணுக்குப் பரிசம் கொடுப்பது காட்டுமிராண்டித்தனம் என்று பிரசங்கம் செய்வான். அவன் கட்டிக்கொள்ள ஆசைப்படும் சிடிக்கோ பரிசம் இல்லாமல் போனால் ஊர் என்னை மதிக்குமா என்ற கவலை. அறுபதைத் தாண்டிய கிழச் சிங்கம் பரோக்கா, தபால்தலை அச்சடிக்கும் இயந்திரம் ஒன்றைக் காட்டி அவளை மயக்குவான். அந்த ஊரில் நவீனம் யார் கையில் இருந்தது என்று சொல்லுங்கள். கானாவின் எஃபுவா சதர்லாண்ட் எழுதிய ஒரு நாடகத்தில் அனான்சே என்ற தந்திரக்கார அப்பா, தட்டச்சு படித்த தன் மகளைக் கொண்டே நான்கு தலைவர்களுக்குக் கடிதம் அடிக்கவைப்பான். அவளைத்தான் விலைபேசிக்கொண்டிருக்கிறான் என்பது அடிக்கிற அவளுக்கே தெரியாது. தட்டச்சு இயந்திரமும் பரிசப் பேரமும் ஒரே மேசையில். எனக்கு அந்த நாடகங்களிலேயே அதிகம் சிரிப்பு வந்த இடம் அது, கொஞ்ச நேரம் கழித்துக் கோபம் வந்த இடமும் அதுதான்.

அனான்சேயும் அட்டோவும் செய்வது ஏறக்குறைய ஒரே வேலை. இரண்டு பக்கத்துக்கும் தெரிய வேண்டியதைத் தன் கையில் பிடித்துவைத்துக்கொள்வது. ஒருவன் லாபத்துக்குச் செய்கிறான், மற்றவன் கோழைத்தனத்தால் செய்கிறான். மரபுக்கும் நவீனத்துக்கும் நடுவில் சிக்கிக்கொண்டேன் என்பது அட்டோவைப் போன்றவர்களுக்கு மிக வசதியான வாக்கியம். யாரையும் காயப்படுத்தாமல் தன்னைப் பாவம் என்று காட்டிக்கொள்ளலாம். உண்மையில் நடுவில் நிற்பவன் சிக்கிக்கொள்ளவே இல்லை. அம்மாவிடமும் மனைவியிடமும் பேசத் தெரிந்த ஒரே ஆள் அந்த வீட்டில் அவன்தான். அதிகாரமே அவனிடம்தான் இருக்கிறது.

கோல் பிடித்தவர்

நடுவில் நின்று பேசுவது அந்தச் சமூகத்துக்குப் புதிதும் அல்ல. ஃபான்டேக்களையும் உள்ளடக்கிய அக்கான் மக்களின் தலைவர் யாரிடமும் நேரடியாகப் பேசமாட்டார். அவர் சொல்வதை ஒச்சியாமே என்ற பேச்சாளர் கேட்டு, அழகுபடுத்தி, சபைக்குச் சொல்வார். சபை சொல்வதும் அவர் வழியாகத்தான் தலைவருக்குப் போகும். அவர் கையில் பொன் தகடு போர்த்திய கோல் ஒன்று இருக்கும். உச்சியில் ஒரு பழமொழியைச் சிற்பமாகச் செதுக்கியிருப்பார்கள். உணவு மேசையருகே இரண்டு பேர் இருக்கும் சிற்பம் ஒன்று மிகவும் பிரபலம். உணவு உரியவனுக்கே, பசித்தவனுக்கு அல்ல என்பது அதன் பொருள். பதவி யாருக்கு உரியதோ அவருக்குத்தான் என்று அர்த்தம் சொல்வார்கள். அந்தச் சிற்பத்தைப் பார்த்தபோது எனக்கு என் பயறுத் தட்டுதான் நினைவுக்கு வந்தது, அது என் கோளாறு. ஒச்சியாமே கூட்டலாம், நயம் சேர்க்கலாம், கடுஞ்சொல்லை மழுப்பலாம். விஷயத்தை மாற்றக் கூடாது. நடுவில் நிற்பதை இவ்வளவு பெரிய பொறுப்பாக வைத்திருந்த மண்ணில், பட்டம் வாங்கி வந்த ஒருவன் தன் அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் அந்த வேலையைச் செய்யத் துப்பில்லாமல் நிற்கிறான்.

இதற்கு எதிர்ப்பக்கமாகவும் ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் அந்தச் சமூகத்தை வெளிப்படைத்தன்மையின் கோயிலாக்கிவிட்டேன் என்று ஆகும். ஒருவருடைய வேரை இன்னொருவர் வெளியே சொல்லக் கூடாது என்று அக்கான் மக்களிடம் ஒரு முதுமொழி இருக்கிறது. வீட்டுக்குள் வந்து சேர்ந்த அடிமைகளின் பிள்ளைகள் தலைமுறை தாண்டிக் குலத்தோடு கலந்துபோனார்கள். அவர் யார், எங்கிருந்து வந்தவர் என்று பெயர் சொல்லிக் காட்டுவது குற்றம். அங்கே மௌனம் ஒரு மரியாதை. அதனால்தான் பாட்டியின் அலறல் இரண்டு மடங்கு ஒலிக்கிறது. அடக்கமாக மூடிவைக்க வேண்டிய ஒன்றை அட்டோ முற்றத்தில் போட்டு உடைக்கிறான். உடைத்துச் சொல்ல வேண்டிய குழந்தை விஷயத்தை மூடிவைக்கிறான். எதைச் சொல்வது, எதை விடுவது என்பதில் அவனுக்கு இரண்டுமே தலைகீழ்.

அய்டூவின் அடுத்த நாடகம் ‘அனோவா’ 1970இல் வந்தது. அதே புத்தகத்தில் இரண்டாவதாக இருந்ததால் ஒரே மூச்சில் படித்துவிட்டேன். கதை 1870களில் நடக்கிறது. வீட்டார் பேச்சை மீறித் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போகும் பெண். தோல் வியாபாரத்தில் பணம் குவிகிறது, கணவன் கோஃபி அக்கோ அடிமைகளை வாங்குகிறான், குழந்தை இல்லை. அனோவா சிறுமியாக இருந்தபோது கடற்கரையில் இருக்கும் பெரிய வீடுகள் எதற்குக் கட்டியவை என்று பாட்டியிடம் துருவித் துருவிக் கேட்கிறாள். நல்லவர்கள் அதையெல்லாம் மறந்துவிட முயல்வார்கள் என்று பாட்டி அடக்குகிறாள். அன்றிரவு அனோவாவுக்கு ஒரு கனவு: தன் உடம்பு ஊதிப் பெருக்கிறது, உள்ளிருந்து ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாகக் கொட்டுகிறார்கள், கடலிலிருந்து வரும் சிங்கி இறால்கள் அவர்களைக் கிழிக்கின்றன. அந்த ஒரு பத்தியைத் தாண்ட எனக்கு வெகுநேரம் ஆயிற்று. அவளுக்கு யாரும் வாய் திறந்து சொல்லவில்லை, அவள் உடம்பு தானாகவே சொல்லிக்கொண்டது.

அந்தப் பெரிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். எல்மினாக் கோட்டையைப் போர்த்துகீசியர் 1482இல் கட்டினார்கள். 1637இல் டச்சுக்காரர், 1872இல் ஆங்கிலேயர் என்று கை மாறியது. கேப் கோஸ்ட் கோட்டை அங்கிருந்து 13 கிலோமீட்டருக்குள்தான். அடிமைகளைக் கப்பலேற்றிய வாசலுக்கு ‘திரும்ப முடியாத வாசல்’ என்று பெயர். அதன் கடல்பக்கத்தில், ‘திரும்பும் வாசல்’ என்று பின்னாளில் ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். 2019ஐத் திரும்பும் ஆண்டு என்று அறிவித்துக் கானா அரசு உலகெங்கும் உள்ள கறுப்பர்களை விருந்துக்கு அழைத்தது. பலகையைப் பார்த்தபோது எனக்கு யுலாலிதான் நினைவுக்கு வந்தாள். 1964லேயே திரும்பி வந்த பெண். வாசலில் வரவேற்க ஆள் இருந்தார்கள், என்ன பேசுகிறார்கள் என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

பனம்பழக் குழம்பில் விரல்

நாடகத்தில் பிள்ளைகள் பாடும் ஒரு விளையாட்டுப் பாட்டு வருகிறது. எல்மினாச் சாலைப் பிரிவில் நிற்கும் ஓர் ஆவி, கேப் கோஸ்ட்டுக்குப் போகட்டுமா எல்மினாவுக்குப் போகட்டுமா, தெரியவில்லையே என்று நிலா காயும் ஓர் அதிகாலையில் அங்குமிங்கும் நடந்து திண்டாடுகிறது. அட்டோ சின்ன வயதில் கேட்ட பாட்டு. கனவில் வந்து அவனைத் துரத்துகிறது. இரண்டு ஊர்களும் இரண்டு அடிமைக் கோட்டைகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த ஆவி போய்ச் சேருமிடம் ஒன்றுதான் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது, அட்டோவுக்கும் உறைப்பதாகத் தெரியவில்லை.

நான் திரும்பத் திரும்பப் படிப்பது கடைசி அங்கத்தை. பெரிய சண்டை வருகிறது. குடித்திருக்கும் யுலாலி அவனுடைய ஆட்களைக் காட்டுமிராண்டிகள் என்ற அளவுக்குப் பேசிவிடுகிறாள், அவன் அறைந்துவிடுகிறான். அவள் வீட்டைவிட்டுப் போய்விடுகிறாள். நள்ளிரவில் அட்டோ ஓடி வந்து அம்மாவின் கதவைத் தட்டுகிறான். அப்போதும் சுற்றி வளைத்துத்தான் சொல்கிறான், ஆனால் விஷயம் வெளியே வந்துவிடுகிறது: குழந்தை பிறக்காமல் இல்லை, நாங்கள்தான் தள்ளிப்போட்டோம். எசி கோமுக்கு வரும் கோபம் நாம் எதிர்பார்க்கும் திசையில் போவதில்லை. கர்ப்பத்தைத் தடுப்பதா, காலம் கெட்டுவிட்டது என்று அவள் ஒப்பாரி வைத்திருந்தால் மரபு-நவீன முக்கோணம் பத்திரமாக இருந்திருக்கும். அவளோ, வேண்டும்போது பிள்ளையைப் படைத்துக்கொள்ளும் தெய்வங்கள் நீங்கள் என்று எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று குத்தலாகக் கேட்கிறாள். சொல்லவில்லை என்பதுதான் அவள் வழக்கு. தள்ளிப்போட்டது அவளுக்குப் புரியாமல் இருக்கலாம், ஒப்பாமலும் இருக்கலாம். ஆனால் அதைப் புரிந்துகொள்ளும் வாய்ப்பையே மகன் கொடுக்கவில்லை. இத்தனை மாதமாக ஊர் முன்னால் ஒரு பொய்க்காக அவள் தலைகுனிந்திருக்கிறாள்.

அப்புறம் அந்தப் பழமொழியைச் சொல்கிறாள். அன்னியன் ஒருவன் கெட்டியான பனம்பழக் குழம்பில் விரலை விட்டான் என்றால், உள்ளூர்க்காரன் ஒருவன் விடச் சொல்லியிருப்பான். நத்தையை எறிந்தது, பூசைக்கு வராதது, பெரியவர்களை மதிக்காதது எல்லாமே அந்த ஒரு வரியில் மருமகளின் கணக்கிலிருந்து மகனின் கணக்குக்கு மாறிவிடுகின்றன. இரண்டு வருடம் கணக்கு எழுதியவன் என்பதாலோ என்னவோ, அந்த மாற்றுப் பதிவு எனக்கு அவ்வளவு துல்லியமாகப் பட்டது.

யுலாலி திரும்பி வருகிறாள், நிற்கவே முடியாத நிலையில். அட்டோ பார்த்துக்கொண்டு நிற்கிறான். எசி கோம் போய்த் தாங்கிக்கொள்கிறாள். அவள் அம்மா இறந்துவிட்டாள் என்று சொன்னாய், ஈரமுள்ளவளாக இருந்தால் அவள் ஆவி மகளுக்கு நடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும், அவளைப் பார்த்து நடத்த வேண்டும் என்கிறாள். ஒரு தாய், பார்த்தறியாத இன்னொரு தாயின் ஆவிக்குப் பதில் சொல்கிறாள். தலைப்பில் இருக்கும் ஆவி ஒன்றுதான் என்று நினைத்திருந்த எனக்கு, இது இரண்டாவது ஆவி. இது திண்டாடவில்லை. குலம் இல்லாதவள் என்று சொன்ன அதே வீட்டில் அவளுக்கு ஒரு அம்மா வழி பிறந்துவிட்டது. அக்கான் மக்களிடம் குலம் தாய்வழியில்தான் வரும் என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொண்டால் எசி கோம் செய்வது எவ்வளவு பெரிய காரியம் என்பது புரியும்.

அவளை எந்த வாசல் வழியாகக் கூட்டிப் போகிறாள் என்பதை மேடைக்குறிப்பில் கவனமாக எழுதியிருக்கிறார் அய்டூ. மகனுக்காகக் கட்டிய புதுப்பகுதியின் வாசல் வழியாக இல்லை, பழைய வீட்டு வாசல் வழியாக. அட்டோ தன் கதவுக்கு ஓடுகிறான், நிற்கிறான், அம்மாவின் கதவுக்கு ஓடுகிறான், திரும்பி முற்றத்தின் நடுவுக்கே வருகிறான். பிள்ளைகளின் பாட்டு கேட்கிறது. உள்ளே போன இரண்டு பெண்களுக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. அந்த ராத்திரி அந்த அறைக்குள் என்ன பேசியிருப்பார்கள் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். வெந்நீர் வைத்துக் கொடுத்திருப்பாள். ‘ஹுரேரே’ என்று கூப்பிட்டிருப்பாள். அது போதுமாக இருந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது. மொழிபெயர்க்க வெளியே ஒருவன் தயாராகத்தான் நின்றான், அவனை யாரும் கூப்பிடவில்லை.

2023 மே மாதம் அய்டூ இறந்த செய்தி வந்த அன்று நண்பரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். நாடகத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம். அவருக்கு அட்டோ மேல் இரக்கம், எனக்கு இல்லை, வழக்கமான சண்டை. பேச்சு சூடாக இருந்தபோதே கேட்டுவிட்டேன்: “நான் நத்தை தின்பவன் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டாயா?” சிறுவயதில் வயல் நத்தை தின்ற கதையை அவரிடம் நான் சொல்லி அப்போதே பல வருடமாகியிருந்தது. அன்று அந்த முற்றத்திலேயே வாய் திறந்து சொல்லாமல் பயறைத் தின்றவன் நான் என்பதும் எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். அப்புறம், “உங்கள் ஊரில் மழை தொடங்கிவிட்டதா?” என்று கேட்டார்.